ஏழு மணி மீட்டிங்: குடியை விடணும்னு நினைக்கிறவங்களுக்கு சரியான குரூப் எப்படி கிடைக்கும்

என் அண்ணன் முதல் தடவை ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடி பேசுற குரூப்) மீட்டிங் போனது ஒரு ஞாயித்துக்கிழமை காலைல. நான்தான் பைக்ல கூட்டிட்டு போனேன், அம்பத்தூர்ல இருந்து அடையாறு பக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்சவங்க யாரும் பாத்துரக்கூடாதுன்னு நானே தேடி எடுத்த தூரமான இடம் அது. உள்ள பாதி பேச்சு இங்கிலீஷ்ல போச்சு, வந்திருந்தவங்க பெரும்பாலும் ரிட்டையர்டு ஆபீசர், கம்பெனி மேனேஜர் மாதிரி ஆளுங்க, எல்லாரும் மரியாதையாதான் நடத்துனாங்க, டீ குடுத்தாங்க, பேரை மட்டும் சொன்னா போதும் அதுவும் இஷ்டம் இருந்தான்னு சொன்னாங்க. லேத் பட்டறைல நின்னு வேலை பாக்குற எங்க அண்ணன் கடைசி சேர்ல உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு வந்துட்டாரு. வெளிய வந்து வண்டில ஏறும்போது "தம்பி, இது படிச்சவங்களுக்கான இடம்டா, நமக்கு சரிப்படாது"ன்னாரு. அவ்ளோதான். அடுத்த மீட்டிங் அவர் போக ஏழு மாசம் ஆச்சு, அந்த ஏழு மாசத்துல ரெண்டு தடவை ஆஸ்பத்திரி, வேலையும் போச்சு.

அந்த குரூப்ல எந்த குறையும் இல்ல, இன்னைக்கும் அது யாரோ பல பேர குடிக்காம வச்சிருக்கும். நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு. யாரும் பாக்கக்கூடாதுங்கற ஒண்ணை மட்டும் பாத்தேன், அந்த மீட்டிங் எத்தனை மணிக்கு நடக்குது, அங்க யார் வருவாங்க, எங்க அண்ணன் குடிக்கிற நேரம் என்ன, இது எதையும் யோசிக்கல. இதே தப்பை நிறைய குடும்பங்கள் பண்றதை பிறகு பாத்தேன், ஒரே ஒரு மீட்டிங் போயிட்டு "ஏஏ-லாம் வேலைக்கு ஆகாது"ன்னு முடிவு பண்ணிடுறாங்க, அதனாலதான் இதை கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ஆனா மீட்டிங் தேடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை தாண்டி போயிடாதீங்க. தினமும் நிறைய குடிக்கிறவர், காலைல எந்திரிச்சதும் கை நடுங்குது, அந்த நடுக்கம் நிக்கவே முன்னாடி நாள் எடுத்து வச்ச கட்டிங்கை ஊத்திக்கிறாருன்னா, அவர் வீட்ல உக்காந்து "இன்னையோட நிறுத்திட்டேன்"னு திடீர்னு நிறுத்தக்கூடாது. கடைசியா குடிச்ச சில மணி நேரத்துல நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமில்லாம போறது ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள் வாக்குல சில பேருக்கு இல்லாத பூச்சி தெரியும், இல்லாத ஆள் கூட பேசுவாங்க, எங்க இருக்கோம்னே தெரியாது. வீட்ல இருக்கறவங்க பேய் பிடிச்சிருச்சுன்னு நினைச்சு மந்திரிக்க கூட்டிட்டு போறதும் நடக்குது, ஆனா அது டெலிரியம்னு சொல்ற நிலைமை, கவனிக்கலைன்னா உயிரே போகும். ஆஸ்பத்திரில வச்சு சில நாள் மருந்து குடுத்து, தயமின்ங்கற வைட்டமின் ஊசி போட்டு பாத்துக்கிட்டா பெரும்பாலும் பத்திரமா தாண்டிடலாம். எந்த குரூப்பும் இந்த கட்டத்துக்கு மாற்று கிடையாது. ஏஏ-ல பழைய ஆளுங்க யாரை கேட்டாலும் முதல்ல டாக்டரை பாருங்கன்னுதான் சொல்லுவாங்க.

இப்ப ஏஏ-னா என்னன்னு பாப்போம், ஏன்னா அது பிறந்த கதையிலயே எந்த மீட்டிங் போகணும்ங்கறதுக்கு பாதி பதில் இருக்கு. 1935 மே மாசம், அமெரிக்காவுல ஓஹியோ மாநிலத்துல ஆக்ரன்னு ஒரு ஊர். பில் வில்சன்னு நியூயார்க் பங்குச்சந்தை ஆள், குடிச்சு குடிச்சு எல்லாத்தையும் தொலைச்சுட்டு அப்பதான் அஞ்சு மாசமா குடிக்காம இருக்காரு. ஒரு தொழில் விஷயமா அந்த ஊருக்கு வந்தாரு, வந்த காரியம் கெட்டுப்போச்சு, தெரியாத ஊர், சனிக்கிழமை, ஓட்டல் லாபில தனியா நிக்கிறாரு, ஒரு பக்கம் பார்ல இருந்து சிரிப்புச் சத்தம் கேக்குது, இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்துல ஊர்ல இருக்கற சர்ச் பேரெல்லாம் போட்ட ஒரு பலகை. அவர் டெலிபோன் பக்கம் போனாரு. போதகர் ஒருத்தருக்கு போன் போட்டு, நான் ஒரு குடிகாரன், இன்னொரு குடிகாரனோட பேசணும், யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. அப்படி இப்படி சுத்தி அடுத்த நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டர் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜனை சந்திச்சாரு, அவரும் குடியால அழிஞ்சுக்கிட்டு இருந்தவர். கால் மணி நேரம்தான் இருப்பேன்னு கண்டிஷன் போட்டுட்டு வந்த பாப், ராத்திரி பதினொரு மணி தாண்டித்தான் எந்திரிச்சாரு. அந்த கதைல எனக்கு மறக்கவே முடியாத இடம் அதுக்கு அடுத்ததுதான், சந்திச்ச உடனே பாப் திருந்திடல, கொஞ்ச நாள் இருந்துட்டு ஒரு மருத்துவ மாநாட்டுக்கு போன இடத்துல மறுபடி குடிச்சுட்டாரு, திரும்பி வந்தப்ப ஆபரேஷன் இருந்துச்சு, கை நடுக்கம் நிக்கட்டும்னு பில்லே அவருக்கு ஒரு பீர் வாங்கிக் குடுத்தாரு. அதுதான் பாப் கடைசியா குடிச்சது. 1935 ஜூன் 10. ஏஏ அந்த தேதியைத்தான் தன்னோட பிறந்தநாளா வச்சிருக்கு.

கவனிச்சீங்கன்னா அங்க நடந்தது உபதேசம் இல்ல. குடிக்கணும்னு தோணுன அந்த நேரத்துல, அதே நிலைமைல இருந்த இன்னொரு ஆள் பக்கத்துல கிடைச்சாரு. மீட்டிங்னு இன்னைக்கு நாம சொல்ற எல்லாமே அந்த ஒரு விஷயத்தை வாராவாரம் தினம் தினம் கிடைக்கிற மாதிரி பண்ணி வச்ச ஏற்பாடுதான். அதனால என் அபிப்பிராயத்துல ஒரு மீட்டிங்கை தேர்ந்தெடுக்க ரெண்டே கேள்விதான் முக்கியம், நீங்க வழக்கமா குடிக்க ஆரம்பிக்கிற நேரத்துல அது நடக்குதா, அங்க உங்க கதையை சொல்ற ஒரு ஆளாவது இருக்காரா.

நேரத்தை முதல்ல எடுத்துப்போம், ஏன்னா இதைத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. எங்க அண்ணனுக்கு ஷிப்ட் முடியறது ஆறு மணி, கை கால் கழுவி சட்டை மாத்தி பஸ் ஸ்டாப் வரும்போது ஆறே முக்கால், பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவுல கடை. ஏழு மணிக்கு அவர் கால் தானா அங்க திரும்பும். ஞாயித்துக்கிழமை காலைல அவருக்கு குடிக்கிற நினைப்பே வராது, அப்ப அவரை கூட்டிட்டு போய் ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சு என்ன பிரயோஜனம், அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணி அப்படியேதான காத்துக்கிட்டு இருக்கு. டாஸ்மாக் கடை மதியம் பன்னெண்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கு, அந்த பத்து மணி நேரத்துல ஒவ்வொரு குடிநோயாளிக்கும் அவருக்குன்னு ஒரு நேரம் உண்டு, வீட்ல இருக்கறவங்களுக்கு அது கண்டிப்பா தெரியும், அந்த நேரத்துக்கு வீட்டு வாசல்ல நின்னு தெருவை பாத்தே பழகுனவங்களாச்சே. பல ஏஏ குரூப் சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்கு கூடுறதுக்கும் இது ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். மீட்டிங் முடிஞ்சு டீ குடிச்சு பேசிட்டு வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது ஆயிடும், பசி வந்துடும், சாப்ட்டு படுத்துட்டா அன்னைக்கு ஒரு நாள் தாண்டியாச்சு. ஏஏ-ல எல்லாரும் சொல்ற 'இன்னைக்கு ஒரு நாள்'ங்கறது தத்துவம் மாதிரி கேக்கும், நடைமுறைல அது ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் இருக்கற ரெண்டு மணி நேரம்.

ஆராய்ச்சி பண்ணவங்களும் கிட்டத்தட்ட இதையேதான் வேற வார்த்தைல சொல்றாங்க. ஏஏ ஏன் வேலை செய்யுதுன்னு பாத்தப்ப, முக்கியமான காரணமா வந்தது ஒருத்தரோட பழக்க வட்டம் மாறுறது, கூட குடிச்சவங்க குறைஞ்சு குடிக்காதவங்க கூடுறது. வேலை செய்யுதாங்கறதுக்கே 2020-ல மருத்துவ ஆய்வுகளை சேத்து அலசுற காக்ரேன் அமைப்பு ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டாங்க, 27 ஆய்வு, 10,565 பேர். ஏஏ-க்கு போக வைக்கிற மாதிரி முறைப்படி நடத்துன சிகிச்சைல இருந்தவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு முழுசா குடிக்காம இருந்தவங்க 42 சதவீதம், மனநல கவுன்சிலிங் மாதிரி மத்த சிகிச்சைக்கு போனவங்கள்ல 35 சதவீதம். பெரிய மாயாஜாலம் கிடையாது, பாதிக்கு மேல திரும்ப குடிச்சிருக்காங்கன்னும் அதுலயே தெரியுது. ஆனா காசு வாங்காத ஒரு விஷயத்துக்கு போக வைக்கிற சிகிச்சை, மத்த சிகிச்சைக்கு குறையாம, கொஞ்சம் மேலயே பலன் குடுக்குதுங்கறது சாதாரண விஷயம் இல்ல.

அடுத்து ஆளுங்க. ஏஏ-ல தலைமை ஆபீஸ் சொல்றபடி எல்லா கிளையும் ஒரே மாதிரி நடக்கும்னு நினைச்சுடாதீங்க. 1950-ல அவங்க ஏத்துக்கிட்ட பன்னெண்டு மரபுகள்ல ஒண்ணு, ஒவ்வொரு குரூப்பும் அதது தன் விஷயத்தை தானே தீர்மானிக்கலாங்கறது. அதனால கோயிலுக்கு கோயில் பூஜை முறை மாறுற மாதிரி குரூப்புக்கு குரூப் எல்லாமே மாறும். ஒரு இடத்துல தமிழ் மட்டும், ஒரு இடத்துல இங்கிலீஷ், சென்னை மாதிரி ஊர்ல ரெண்டும் கிடைக்கும். ஒரு இடத்துல பிரார்த்தனை நீளமா இருக்கும், ஒரு இடத்துல ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். சில குரூப்ல குடியை விட ஏஏ சொல்ற வழியான பன்னெண்டு படிகள்ல ஒவ்வொண்ணா எடுத்து பேசுவாங்க, சில குரூப்ல ஒருத்தர் மட்டும் முழு கதையையும் சொல்லுவாரு, பல குரூப்ல வட்டமா உக்காந்து ஆளுக்கு அஞ்சு பத்து நிமிஷம் ஷேர் பண்ணுவாங்க. ஒருத்தர் பேசும்போது குறுக்க யாரும் பேச மாட்டாங்க, அறிவுரை சொல்ல மாட்டாங்க, உங்க முறை வரும்போது இன்னைக்கு கேட்டுக்கிறேன்னு சொன்னா விட்டுடுவாங்க. ஓபன் மீட்டிங், குளோஸ்டு மீட்டிங்னு ரெண்டு உண்டு, ஓபன்ல குடும்பத்து ஆளுங்களும் உக்காரலாம், குளோஸ்டுல குடிநோய் இருக்கறவங்க மட்டும். முதல் தடவை துணைக்கு போறீங்கன்னா ஓபனான்னு கேட்டுட்டு போங்க, இல்லைன்னா நீங்க வெளிய மரத்தடில நிக்கணும், உள்ள போனவர் பத்து நிமிஷத்துல திரும்பி வந்துடுவாரு.

எங்க அண்ணனுக்கு ரெண்டாவதா அமைஞ்ச குரூப் வீட்ல இருந்து நாலு கிலோமீட்டர், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை, செவ்வாய் வெள்ளி ஏழு மணி. அங்க ஒருத்தர், ஆட்டோ ஓட்டுறவர், தன்னோட கதைல ஒரு இடம் சொன்னாரு, சம்பள கவரை வீட்டுக்கு கொண்டு வரும்போது பாதி கரைஞ்சு இருக்கும், மீதியை எண்ணி பொண்டாட்டி கைல குடுக்கும்போது அவ முகத்தை பாக்காம கையை மட்டும் பாப்பேன்னு. அண்ணன் தலை குனிஞ்சு உக்காந்திருந்தவர் நிமிந்து பாத்தாரு. அந்த வாரமே அந்த ஆட்டோக்காரர் நம்பரை வாங்கிட்டாரு, பிற்பாடு அவரே ஸ்பான்சர் ஆனாரு. ஸ்பான்சர்னா பணம் குடுக்குறவர்னு அர்த்தம் இல்ல, உங்களுக்கு முன்னாடி இந்த வழில நடந்து கொஞ்ச வருஷம் ஆன ஒரு ஆள், குடிக்கணும்னு தோணும்போது போன் பண்றதுக்கு. பேசுன வார்த்தையை விட அந்த நம்பர்தான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். ஒரு மீட்டிங் முடிஞ்சு வரும்போது ராத்திரி கூப்பிடுற மாதிரி ஒரே ஒரு நம்பராவது கிடைச்சா அது நல்ல மீட்டிங். மூணு நாலு தடவை போயும் அப்படி யாரும் அமையலைன்னா குரூப்பை மாத்துங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. குறைஞ்சது அஞ்சாறு வேற வேற மீட்டிங் பாக்காம பிடிக்கலைன்னு முடிவு பண்ணாதீங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. ஏதோ ஒரு குரூப்ல நல்லா ஒட்டிக்கிட்டா அதை ஹோம் குரூப்னு வச்சுக்கிட்டு, மத்த நாள்ல வேற குரூப்புக்கும் போறதுதான் பெரும்பாலும் வழக்கம்.

யாராவது பாத்துருவாங்கங்கற பயம் இருக்கே, அது நம்ம ஊர்ல ரொம்ப பெருசு, நான் அதை குறைச்சு பேசல. ஆனா ஒண்ணு யோசிங்க, கடை வாசல்ல நிக்கும்போது பாக்காத ஊரா மீட்டிங் ஹால் வாசல்ல பாத்துடப்போகுது. உள்ள இருக்கறவங்களும் அதே காரணத்துக்குத்தான் வந்திருக்காங்க. பேரை வெளிய சொல்லாம இருக்கறது அந்த இயக்கத்தோட பேர்லயே இருக்கு, அனானிமஸ்னா அதுதான் அர்த்தம், யார் வந்தாங்க என்ன பேசுனாங்கங்கறது வாசலை தாண்டக்கூடாதுங்கறதை ரொம்ப கறாரா கடைபிடிப்பாங்க. பத்திரமா இருக்கும்னு ஊரை தாண்டி இருக்கற குரூப்பை தேடி போனா, மழை பெஞ்ச அன்னைக்கு, பஸ் வராத அன்னைக்கு, உடம்பு அசதியா இருக்கற அன்னைக்கு போக முடியாது, அந்த மாதிரி நாள்லதான் குடிக்கிற நினைப்பும் கூடுதலா வரும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் வராம பாத்துக்கோங்கன்னு ஏஏ-ல சொல்லிக்குடுப்பாங்க. ரெண்டு பஸ் மாறி போற மீட்டிங் அதுல களைப்பை நீங்களே கூட்டி வச்சுக்கிற மாதிரி.

கடவுள் விஷயம் பல பேரை வாசல்லயே நிறுத்திடுது. நம்ம ஊர்ல நிறைய குரூப் சர்ச் வளாகத்துலயோ மிஷன் ஸ்கூல்லயோ நடக்கறதால மதம் மாத்திடுவாங்களோன்னு இந்து வீடுகள்ல, முஸ்லிம் வீடுகள்ல ஒரு சந்தேகம் இருக்கு. அவங்க இடத்தை வாடகைக்கோ உதவியாவோ குடுக்கறாங்க, அவ்ளோதான், குரூப்புக்கும் சர்ச்சுக்கும் வேற சம்பந்தம் இல்ல. பன்னெண்டு படிகள்ல கடவுள்ங்கற வார்த்தை வருது, அதை மறைக்க வேண்டாம், ஆனா அவங்கவங்க புரிஞ்சுக்கிட்டபடியான கடவுள்னு சேர்த்தே வரும், உயர் சக்தின்னும் சொல்லுவாங்க, முருகனா அல்லாவா அந்த குரூப்பேவான்னு யாரும் கேக்க மாட்டாங்க. சேர ஒரே தகுதி குடியை நிறுத்தணும்ங்கற ஆசை. அதையும் தாண்டி எனக்கு கடவுள் பேச்சே ஒத்துவராதுன்னா அதுவும் நியாயம்தான், பெரியார் படிச்சு வளந்த வீட்டுப் பையன்கிட்ட போய் கண்ணை மூடு பிரார்த்தனை பண்ணுன்னா அவன் மனசு அங்க நிக்காது. அவங்களுக்கு 1994-ல அமெரிக்காவுல தொடங்குன ஸ்மார்ட் ரிகவரின்னு ஒண்ணு இருக்கு, கடவுள் கிடையாது, படிகள் கிடையாது, குடிக்கணும்னு உந்துதல் வரும்போது அதை எப்படி சமாளிக்கிறதுன்னு பயிற்சி மாதிரி போகும், ஆன்லைன்ல சேரலாம். நம்ம பக்கத்துல நேர்ல போற மாதிரி அதிகம் இல்லைங்கறதும் இங்கிலீஷ்ல இருக்கறதும் குறை. ஆன்லைன்ல சேந்தாலும் நேரம் பத்தி சொன்னது மறக்காதீங்க, அமெரிக்கா நேரத்துக்கு நடக்கறது உங்க ஏழு மணிக்கு ஒத்துவருதான்னு பாருங்க.

பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம், நம்ம ஊர்ல குடிக்கிற பொம்பளைன்னு ஒரு வார்த்தைலயே கதையை முடிச்சுடுவாங்க. இருபது ஆம்பளைங்க இருக்கற ஹால்ல ஒரு பொண்ணு தனியா போய் உக்கார தைரியம் வரணும்னு எதிர்பாக்கறது சரியில்ல. பெண்களுக்கு மட்டும்னு ஆன்லைன்ல மீட்டிங் நடக்குது, கேமராவை ஆஃப் பண்ணிட்டு பேரை மாத்தி வச்சுக்கிட்டே கேக்கலாம், அதுல ஆரம்பிங்க. பெண்ணுக்கு பெண்ணுதான் ஸ்பான்சரா இருக்கணும்ங்கறது எழுதாத வழக்கம். புதுசா வந்த பெண்ணை தனியா சந்திக்க கூப்பிடுறது, தேவையில்லாம அக்கறை காட்டுறது இப்படி யாராவது நடந்துக்கிட்டா அந்த குரூப்பை விட்டு உடனே வேற குரூப் போங்க, விளக்கம் சொல்லிட்டு இருக்க வேண்டாம். குடியை விடணும்னு மனசு உடைஞ்சு வர நேரத்துல ஒருத்தர் எவ்ளோ பலவீனமா இருப்பாங்கன்னு தெரிஞ்சு வர்ற ஆளுங்க எங்கயும் இருக்காங்க.

தேடுறது எப்படின்னா, ஏஏ இந்தியாவுக்கு 1957-லயே வந்துருச்சு, அவங்க இணையதளத்துல ஊர் வாரியா குரூப் விவரம் இருக்கும். ஆனா போட்டிருக்கற இடமும் நேரமும் மாறி இருக்க வாய்ப்பு அதிகம், ஸ்கூல் லீவு, ஹால் மாத்திட்டாங்க, இப்படி. போன் பண்ணி இந்த வாரம் நடக்குதான்னு கேக்காம கிளம்பாதீங்க, பூட்டுன கதவை பாத்துட்டு திரும்புற ஆளை மறுபடி கிளப்பறது ரொம்ப கஷ்டம். பெரும்பாலும் போன்லயே ஒருத்தர் நான் வாசல்ல நிக்கிறேன் வாங்கன்னு சொல்லுவாரு, அதை ஏத்துக்கோங்க. இன்னொரு நல்ல வழி ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிகளோட மனநலப் பிரிவு இங்கெல்லாம் குடிநோய்க்கு சிகிச்சை உண்டு, டிஸ்சார்ஜ் ஆகும்போது பக்கத்துல எந்த குரூப் நடக்குதுன்னு அங்க கவுன்சிலரை கேளுங்க. சென்னைல சாந்தி ரங்கநாதன் 1980-ல தொடங்குன டிடிகே மருத்துவமனை இந்த துறைல முன்னோடி, கணவரை குடிநோய்க்கு பறிகொடுத்தவங்க அவங்க, நோயாளிக்கு மட்டும் இல்லாம குடும்பத்துக்கும் சேத்து சிகிச்சை வேணும்ங்கறதை ஆரம்பத்துல இருந்தே வலியுறுத்துனாங்க, 1992-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. போன்ல கேக்கணும்னா போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இது தமிழ்லயும் பேசுவாங்க.

இவ்ளோ வழி இருந்தும் எத்தனை பேர் வந்து சேர்றாங்கன்னு பாத்தா வயிறு எரியுது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்துன கணக்கெடுப்பு 2019-ல வந்துச்சு, நாட்டுல 16 கோடி பேர் குடிக்கிறாங்க, அதுல குடியை சார்ந்தே இருக்கற நிலைமைல இருக்கறவங்க கிட்டத்தட்ட 2.9 கோடி, அப்படி இருக்கறவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைச்சதா சொல்லியிருக்காங்க. மீதி 37 பேர் வீட்லயும் என்ன நடந்துக்கிட்டு இருக்கும்னு குடிகாரர் வீட்ல வளந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அந்த 37 வீட்ல பல பேர் போய் விழுற குழி ரெண்டு. ஒண்ணு, குடிக்கிறவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலக்குற மாத்திரை. இதுல பல நேரம் இருக்கறது டைசல்ஃபிரம்னு ஒரு மருந்து, டாக்டர் சொல்லி, நோயாளி சம்மதிச்சு, குடிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சு எடுத்துக்கிட்டா அது உபயோகமான மருந்துதான். தெரியாம சாம்பார்ல கலந்து குடுத்து, அவர் வழக்கம்போல போய் குவார்ட்டர் அடிச்சார்னா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம். பாசத்துலதான் செய்றாங்க, எங்க அம்மாவும் ஒரு தடவை வாங்கிட்டு வந்தாங்க, நான் பிடுங்கிப் போட்டேன். இன்னொண்ணு, மீட்டிங்கையும், ஆளை தங்க வைக்கிற மறுவாழ்வு ஹோமையும் குழப்பிக்கிறது. ஆளை தூக்கிட்டு போய் மாசக்கணக்குல பூட்டி வச்சு அடிச்சு திருத்துறோம்னு சொல்ற இடங்களுக்கும் ஏஏ-க்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 2017 மனநலப் பராமரிப்பு சட்டம் குடி, போதை சம்பந்தப்பட்ட மனநிலை பாதிப்பையும் சேர்த்துத்தான் பேசுது, சங்கிலில கட்டறது அந்த சட்டப்படி குற்றம், அந்த மாதிரி மையங்கள் முறையா பதிவு பண்ணியிருக்கணும். ஏஏ-ல ஃபீஸ் கிடையாது, கடைசில ஒரு பை சுத்தி வரும், ஹால் வாடகைக்கும் டீக்கும் மெம்பருங்க பத்து இருபது போடுவாங்க, புதுசா வர்றவங்க போட வேண்டாம்னு சொல்லுவாங்க. வெளி ஆள் நன்கொடை குடுத்தாக்கூட வாங்க மாட்டாங்க, அதுவும் ஒரு மரபு. ஏஏ பேரை சொல்லி யாராவது அட்மிஷன் ஃபீஸ் கேட்டா நீங்க வந்த இடம் ஏஏ இல்ல.

குடும்பத்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கறதும் நிறைய பேருக்கு தெரியாது. அல்-அனான்னு பேர், 1951-ல பில் வில்சனோட மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோட சேந்து தொடங்குனது, பதின்ம வயசு பசங்களுக்கு அலட்டீன்னு 1957-ல வந்துச்சு. எங்க அண்ணி முதல்ல வரமாட்டேன்னாங்க, குடிச்சது அவரு, நான் எதுக்கு போய் உக்காரணும்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஒரு நாள் போயிட்டு வந்து, இத்தனை வருஷமா பாட்டிலை ஒளிச்சு வச்சது, பாக்கெட்டை தடவுனது, ஆபீசுக்கு போன் போட்டு காய்ச்சல்னு பொய் சொன்னது எல்லாம் அங்க ஒவ்வொருத்தங்களும் சொல்றாங்க, நான் மட்டும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்னு சொல்லி அழுதாங்க. அவர் குடியை விட்டாலும் விடலைன்னாலும் அண்ணிக்கு தூக்கம் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

அண்ணன் அஞ்சாவது மாசம் பொங்கல் சமயத்துல சறுக்கிட்டாரு. ஊர்ல சொந்தக்காரங்க, போகியன்னைக்கு ராத்திரி, ஒரு தடவைதானன்னு. திரும்பி வந்ததும் மீட்டிங் போகமாட்டேன்னு உக்காந்துட்டாரு, மூணு மாசம் குடிக்காம இருந்ததுக்கு குரூப்ல குடுத்த காயினை எடுத்து அலமாரில போட்டுட்டாரு, எந்த முகத்தை வச்சுக்கிட்டு போறதுன்னு கேட்டாரு. செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கு ஆட்டோ வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு, ஒண்ணும் கேக்கல, "கிளம்புங்கண்ணே, ஏழாவுது"ன்னு மட்டும் சொன்னாரு அவர். அங்க போய் அண்ணன் இன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாள்னு சொல்லியிருக்காரு, எல்லாரும் நல்லதுன்னு சொல்லிட்டு அடுத்தவர் பேச ஆரம்பிச்சுட்டாங்களாம். சறுக்குனவர் எவ்ளோ சீக்கிரம் திரும்பி போறாருங்கறதுலதான் எல்லாமே இருக்கு, அந்த வாரமே போனா அது ஒரு சறுக்கல், ஒரு மாசம் விட்டா பழைய குடி. திரும்பி வர்றவங்களை ஒரு குரூப் எப்படி பாக்குதுன்னு கவனிங்க, திட்டுற குரூப், எல்லார் முன்னாடியும் கூனிக்குறுக வைக்கிற குரூப் உங்களுக்கு வேண்டாம்.

அது நடந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. இப்ப புது பட்டறைல போன மாசம் அண்ணனுக்கு நைட் ஷிப்ட் மாத்துனாங்க, சாயங்காலம் ஏழுக்கு கிளம்பணும், காலைல ஆறரைக்கு முடியும். ஷிப்ட் விட்டதும் கூட வேலை பாக்குற ரெண்டு பேர் முன்னாடி நாளே வாங்கி வச்சதை பிரிச்சுட்டு உக்காருவாங்களாம். அண்ணன் எனக்கு போன் பண்ணி முதல்ல கேட்டது, காலைல ஏழு மணிக்கு தமிழ்ல ஏதாவது ஆன்லைன் மீட்டிங் இருக்கா பாருடான்னுதான். ஒண்ணு கிடைச்சுது. பட்டறை கேட்டை தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதே இயர்போனை மாட்டிக்கிட்டு சேந்துடுறாரு, வீடு வந்து சேர எட்டேகால் ஆகுது, அண்ணி இட்லி எடுத்து வச்சிருப்பாங்க.